பதினோரு வருஷமாக வளராத கிருமி

அத்தியாயம் 5

மூன்று நாளாக விக்கல் நிற்கவில்லை.

"யாரோ உங்களை விடாம நினைச்சுக்கிட்டே இருக்காங்கண்ணே," என்றான் சைரன், கட்டில் கம்பியில் சாய்ந்தபடி. "வீட்டுக்காரம்மா பக்கத்துலயே உட்கார்ந்திருக்காங்க. அப்ப நினைக்கிறது வேற யாரு? தைரியமா சொல்லுங்க. நான் துப்பறியும் ஆபீஸ் ஆளு, ரகசியம் வெளியே போகாது."

கட்டிலில் கிடந்த லிஃப்ட் மெக்கானிக் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியிலேயே அறுந்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டு வலது தோளைப் பிடித்தார்.

சிஸ்டர் அதைக் கவனித்தாள்.

அவள் அங்கே யாருக்கும் உடன்பிறந்தவள் இல்லை. இருபத்திரண்டு வருஷம் இதே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். கடைசி சில வருஷம் இதே சர்ஜரி வார்டைப் பொறுப்பேற்று ஆட்டிப்படைத்தவள். ஆறு வருஷத்துக்கு முன்னால் நிர்வாகத்தோடு சண்டை போட்டு, சீருடையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே வந்து துப்பறியும் ஆபீஸ் திறந்தாள். வேலை மாறினாலும் பேர் மாறவில்லை. கோபமும் மாறவில்லை. அது எப்போதும் மூக்கு நுனியில் தயாராக நிற்கும். சைரன் அவளுடைய உதவியாளன். முன்பு ஆம்புலன்ஸ் ஓட்டினான். வண்டியை விட்டுவிட்டான், சத்தத்தை விடவில்லை.

இன்று காலை ஆபீஸ் கதவைத் தட்டியது மெக்கானிக்கின் மனைவி. தையல்காரி. உட்காரச் சொல்வதற்குள் விஷயத்துக்கு வந்துவிட்டாள்.

"என் வீட்டுக்காரர் மருந்தை யாரோ திருடுறாங்க."

குடல்வால் வெடித்து ஆபரேஷன் ஆகிப் பத்து நாள். அஞ்சாம் நாளிலிருந்து தினமும் சாயந்திரம் நூற்றிரண்டு டிகிரி காய்ச்சல். ஆனால் டாக்டர்கள் வார்டு ரவுண்டு வருவது காலையில், காய்ச்சல் இல்லாத நேரத்தில். இன்று நாலு மணிக்கு வீட்டுக்கு அனுப்பப் போகிறார்களாம். திருடனை அதற்குள் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மனுஷன் வீட்டுக்குப் போய்ச் செத்துப்போவார் என்றாள். அழவில்லை. கணக்காகச் சொன்னாள்.

இப்போது மணி ஒன்றே கால்.

"திருட்டுன்னு எப்படி முடிவு பண்ணினே? எனக்குச் சொன்னதை இவனுக்கும் ஒரு தடவை சொல்லு," என்றாள் சிஸ்டர்.

தையல்காரி சைரன் பக்கம் திரும்பினாள். "முதல் நாலு நாள் இவர் எதை வாயில வெச்சாலும் துப்பினார்ண்ணே. பால் கொடுத்தா, 'லிஃப்ட் கம்பியை நக்கின மாதிரி இருக்குடி'ன்னார். அஞ்சாம் நாள் திடீர்னு, 'பால் இனிக்குது'ன்னார். நானும் சந்தோஷப்பட்டேன். அன்னிக்கு சாயந்திரமே காய்ச்சல். நூல் மாறினா தையல் காட்டிக் கொடுத்துடும். இவர் வாயில ஏதோ ஒரு மருந்து மாறியிருக்கு."

சைரன் கையைத் தூக்கிக் கும்பிட்டான். "சிஸ்டர், இவங்களை ஆபீஸ்ல சேர்த்துக்கிட்டா என் நாற்காலி போயிடும்."

"போகட்டும். இவ மூளைக்கு அந்த நாற்காலி சின்னது." சிஸ்டர் கட்டில் காலில் தொங்கிய ஃபைலை எடுத்தாள். "வாயில இரும்பு ருசி வர வெக்கிற மருந்து ஒண்ணு இருக்கு. மெட்ரானிடசோல். காத்து பட்டா செத்துப்போற கிருமிகளுக்கான மருந்து. நம்ம குடலுக்குள்ள காத்து இல்லாத இடத்துல அதுங்க கோடிக்கணக்குல குடித்தனம் நடத்துது. குடல் ஓட்டையாச்சுன்னா மொத்தக் கூட்டமும் வயித்துக்குள்ள இறங்கிடும்."

பக்கங்களைத் திருப்பினாள். திருட்டே இல்லை. நாலாம் நாள் காலையில், தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, மெட்ரானிடசோலை நிறுத்தியிருந்தார்கள். மற்ற ஊசி மட்டும் தொடர்ந்தது. அடியில், வார்டில் எல்லாரும் சின்ன சர்ஜன் என்று கூப்பிடுகிற இளம் டாக்டரின் முத்திரை.

"கையும் களவுமா மாட்டியாச்சு," என்றான் சைரன். "திருடன் கையெழுத்துப் போட்டுட்டுத் திருடியிருக்கான்."

சிஸ்டர் மெக்கானிக்கின் வயிற்றுக் கட்டின் பக்கம் குனிந்தாள். கட்டு அடியில் ஈரமாக இருந்தது. அவள் மூக்கு விடைத்தது. இருபத்திரண்டு வருஷம் முகர்ந்த நாற்றம். சாக்கடையைத் திறந்தது போன்ற நாற்றம். அதன்மேல் மல்லிகை வாசனை ஒன்று மிதந்தது.

"இங்க என்ன அடிச்சீங்க?" என்று டியூட்டி நர்ஸைக் கேட்டாள்.

"ரூம் ஸ்பிரே சிஸ்டர். பக்கத்துக் கட்டில்காரங்க வாடை தாங்கலைன்னு சொன்னாங்க."

"வாடை எங்கேருந்து வருதுன்னு யாராவது கேட்டீங்களா? இல்ல, பூ வாசனை அடிச்சா புண் தானா ஆறிடும்னு நினைச்சீங்களா?"

டியூட்டி நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள். ஏழு கட்டில் தள்ளி இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

சின்ன சர்ஜன் ஆபரேஷன் தியேட்டர் வாசலில், செருப்பு மாற்றிக்கொண்டிருந்தபோது சிக்கினார். முப்பது வயசுக்குள்தான் இருக்கும். கண்ணுக்கடியில் தூக்கம் கறுத்துக் கிடந்தது.

"மெட்ரானிடசோலை ஏன் நிறுத்தினீங்க?"

"நீங்க யாரு?"

"அந்த மனுஷனை இன்னிக்கு வீட்டுக்குப் போக விடாதவ."

"சிஸ்டர் அறிமுகத்தை எப்பவும் சுருக்கமாத்தான் வெச்சுக்குவாங்க," என்றான் சைரன்.

சர்ஜன் பெருமூச்சு விட்டார். "ரிப்போர்ட் பார்த்துத்தான் நிறுத்தினேன். ஆபரேஷன்ல எடுத்த சீழை லேபுக்கு அனுப்பினேன். சாதாரணக் குடல் கிருமி ஒண்ணு வளர்ந்துச்சு. அதுக்குக் கேட்கிற ஊசி போயிட்டிருக்கு. காத்தில்லாம வளர்ற கிருமி பூஜ்யம். அப்புறமும் ரெண்டு தடவை அனுப்பினேன். பூஜ்யம், பூஜ்யம். தேவையில்லாத ஆன்டிபயாடிக்கை ஒரு நாள்கூட அதிகமாக் கொடுக்காதேன்னுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறாங்க."

"சரியாத்தான் சொல்லிக் கொடுத்திருக்காங்க. ஆனா குடல் வெடிச்ச வயித்துல அந்தக் கிருமி வளர்ந்தாலும் வளராட்டியும் இருக்குன்னே வெச்சுக்கணும்னு சொல்லிக் கொடுக்கலையா?"

"கொடுத்தாங்க." அவர் குரல் உயர்ந்தது. "மூணு தடவை இல்லைன்னு எழுதி வந்தா நான் எதை நம்பறது? பேப்பரையா, படிச்சதையா?"

"மூக்கை நம்பணும். அந்தக் கட்டுல இருந்து வர்ற நாத்தம் வேற எந்தக் கிருமிக்கும் வராது. மூக்கு ஒண்ணு சொல்லுது, பேப்பர் ஒண்ணு சொல்லுது. மூக்குக்குப் பொய் சொல்லத் தெரியாது. போய் முகர்ந்து பாருங்க. அப்படியே விக்கலையும் தோள் வலியையும் விசாரிங்க. மூணு நாளா விக்கல். வலது தோள் வலி. வயித்துல ஆபரேஷன் பண்ணினவனுக்குத் தோள் ஏன் வலிக்குது?"

சின்ன சர்ஜனின் கை செருப்பிலேயே நின்றது. அவர் முட்டாள் இல்லை. யோசித்த ஒரு நொடியில் முகம் வெளுத்தது.

"உதரவிதானத்துக்கு அடியில..."

"சீழ் கட்டியிருக்கு. ஸ்கேன் எடுங்க. நான் லேபுக்குப் போறேன். பொய்ப் பேப்பர் எழுதினவனை இன்னிக்கு உண்டு இல்லைன்னு பண்ணிடறேன்."

படி இறங்கும்போது சைரன் அவளோடு ஓட வேண்டியிருந்தது. "அது என்ன சிஸ்டர் உதரவிதானம்?"

"நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கிற திரை. அதுக்கு அடியில சீழ் சேர்ந்து உரசினா விக்கல் வரும். வலி தோள்ல தெரியும்."

"அட பாவமே. நான் வேற, யாரோ நினைக்கிறாங்கன்னு கிண்டல் பண்ணினேன்."

"நீ மட்டுமா? வார்டே அந்த ஜோக்கைத்தான் சொல்லியிருக்கும்." பல்லைக் கடித்தாள். "மூணு நாளா."

லேப், கட்டடத்தின் பின்பக்கம். வெளியே ஒரு ஜன்னல், அதில் ஒரு தட்டு, தட்டில் பஞ்சுக் குச்சி போட்ட கண்ணாடிக் குழாய்கள் வரிசையாக. உள்ளே சுவரில் சட்டம் போட்டு ஒரு பாராட்டுப் பத்திரம். 'ஆபரேஷன் சீழ் மாதிரிகளில் காற்றில்லாக் கிருமி தொடர்ந்து பூஜ்யம். சிறந்த சுத்தத்துக்கான பாராட்டு.'

சிஸ்டர் அதைப் படித்தாள். காது நுனி வரை சூடானது. மனிதக் குடலில் இருக்கிற கிருமி இந்த ஆஸ்பத்திரியில் மட்டும் எவர் வயிற்றிலும் இல்லையாம்! அதற்குச் சட்டம், கண்ணாடி, தங்கநிற ஓரம்.

லேப் ஆளை ஆஸ்பத்திரி முழுக்க ஜாடி என்றுதான் கூப்பிடுவார்கள். கிருமிகளைக் காற்றில்லாமல் வளர்க்கிற ஒரு கனமான ஜாடி அவர் பொறுப்பில் இருந்தது. அதைத் துடைத்த துணியைத் தோளில் போட்டபடியே வந்தார்.

"பூஜ்யம்னு எழுதறது நீங்கதானே? எத்தனை வருஷமா?" என்றாள் சிஸ்டர்.

"நான் சேர்ந்து பதினோரு வருஷம். ஒண்ணுகூட வளரல." குரலில் பெருமை வழிந்தது.

சைரன் அவள் காதோரம் குனிந்தான். "கேஸ் முடிஞ்சது சிஸ்டர். ஜாடி ஓட்டை. உள்ளே காத்து போகுது, கிருமி செத்துப்போகுது."

அவளும் அதைத்தான் நினைத்திருந்தாள். "ஜாடியைக் காட்டுங்க."

அவர் எடுத்துக் காட்டினார். ஜாடியின் கழுத்தில் ரப்பர் வளையம் புதுசு. உள்ளே ஒரு காகிதப் பட்டை ஒட்டியிருந்தது. காற்று இருந்தால் நீலமாகும், இல்லாவிட்டால் வெள்ளையாக நிற்கும். பட்டை சலவை செய்த சட்டை போல வெள்ளையாக இருந்தது.

"வளையத்தை மாசா மாசம் மாத்தறேன் சிஸ்டர். பட்டையைத் தினம் பார்க்கிறேன். என் ஜாடியில ஒரு பொட்டுக் காத்து கிடையாது. வேணும்னா என் பிள்ளைங்க தலைல அடிச்சுச் சத்தியம் பண்றேன்."

"வேண்டாம், பிள்ளைங்க பாவம்," என்றான் சைரன். ஆனால் குரலில் சுரத்து இறங்கிவிட்டது.

சிஸ்டர் அந்த வெள்ளைப் பட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஜாடி நல்ல ஜாடி. ஆளும் நல்ல ஆள். அப்படியானால் கிருமி இதற்குள் வருவதற்கு முன்னாலேயே செத்திருக்கிறது. மெல்ல ஜன்னல் பக்கம் திரும்பினாள். தட்டு. பஞ்சுக் குச்சிகள். தலைக்கு மேல் மின்விசிறி.

"இதெல்லாம் எப்ப வந்தது?"

"காலைல ஒன்பது மணிக்கு. எல்லா வார்டும் சேர்ந்த அப்புறம் ரெண்டு மணிக்குத்தான் உள்ளே எடுப்பேன்."

"அஞ்சு மணி நேரம்! ஒரு பொட்டு சீழைப் பஞ்சுல தடவி, காத்துல காயப்போட்டு, பொணத்தைக் கொண்டுபோய் ஜாடியில வெச்சுட்டு, வளரல வளரலன்னு எழுதியிருக்கீங்க. பதினோரு வருஷமா!" மேஜையில் அடித்தாள். குழாய்கள் குலுங்கின. "சீழை சிரிஞ்சுல உறிஞ்சி, காத்தை வெளியே தள்ளிட்டு, உடனே அனுப்பச் சொல்லணும்னு உங்களுக்குத் தெரியாதா? படிச்சீங்கதானே?"

"தெரியும் சிஸ்டர். சேர்ந்த புதுசுல நானே கேட்டேன்." ஜாடி பரிதாபமாக ஜன்னலுக்கு மேலே கை காட்டினார். "வாங்கக் கூடாதுன்னு உத்தரவு இருக்கே."

ஜன்னல் மேலே ஒரு நோட்டீஸ். பிளாஸ்டிக் உறை மஞ்சளாகிவிட்டது. உள்ளே இருந்த எழுத்து மட்டும் மங்காமல் நின்றது.

'சீழ் எதையும் சிரிஞ்சில் அனுப்பக் கூடாது. பஞ்சுக் குச்சியில் மட்டுமே அனுப்ப வேண்டும். சிரிஞ்சு வந்தால் லேப் கண்டிப்பாக வாங்கக் கூடாது.'

அடியில் சூப்பரின்டெண்டின் முத்திரை. அதற்குப் பக்கத்தில், பச்சை மையில், சர்ஜரி வார்டு பொறுப்பு நர்ஸின் கையெழுத்து.

சைரன் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தான். கையெழுத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டான். சிஸ்டரின் ஆபீஸில் அவன் தினமும் பார்க்கிற கையெழுத்து.

சிஸ்டருக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், வார்டு ஆயா ஒருத்தி இந்த ஜன்னலுக்குத் தட்டு தூக்கி வந்தாள். ஐந்து மாதக் கர்ப்பிணி. ஊசி மாட்டிய சிரிஞ்சு ஒன்று உருண்டு உள்ளங்கையில் ஏறிவிட்டது. ரத்தத்தைத் துடைத்துவிட்டது சிஸ்டர்தான். அன்றைக்கு வந்த கோபத்தில் சூப்பரின்டெண்ட் அறைக்குள் புயலாகப் புகுந்து, அங்கேயே நின்றுகொண்டே எழுதிய உத்தரவு இது. அந்தக் கோபம் நியாயம். இன்றைக்கும் நியாயம். ஆனால் 'ஊசியைக் கழற்றிவிட்டு, முனைக்கு மூடி போட்டு அனுப்பவும்' என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். ஆயாக்கள் கையும் தப்பியிருக்கும், சீழில் இருக்கிற கிருமியும் பிழைத்திருக்கும். அந்த ஒரு வரியை யோசிக்கக் கோபம் இடம் கொடுக்கவில்லை. எழுதினாள், மாட்டினாள், மறந்துபோனாள். பின்னால் வந்தவர்கள் அதைச் சட்டம் போலக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

இவ்வளவு நேரம் அவள் திட்டிய திட்டு அத்தனையும் திரும்பி அவள்மேலேயே விழுந்தது. அவமானத்தில் முகம் எரிந்தது.

"சிஸ்டர்," என்றான் சைரன் தாழ்ந்த குரலில்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். நோட்டீஸை உறையோடு பிய்த்து இறக்கினாள். இரண்டு ஆணியும் கூடவே வந்தன.

"ஜாடியைத் தயாரா வைங்க," என்றாள். "அரை மணி நேரத்துல ஒண்ணு வரும். தட்டுல காயப்போடக் கூடாது. என் கையில இருந்து உங்க கைக்கு. புரியுதா?"

ஸ்கேன் திரையில், கல்லீரலுக்கு மேலே, உதரவிதானத்துக்கு அடியில், கறுப்பாக ஒரு குளம் தேங்கி நின்றது. சின்ன சர்ஜன் வீட்டுக்கு அனுப்பும் சீட்டைக் கிழித்தார். மெட்ரானிடசோல் பாட்டில் மறுபடியும் ஏறியது.

"மருந்து மட்டும் போதாது," என்றாள் சிஸ்டர்.

"தெரியும். சீழ் உள்ளே இருக்கிற வரைக்கும் எந்த மருந்தும் பாதி வேலைதான் செய்யும். எடுத்துடறேன்."

ஸ்கேன் பார்த்துக்கொண்டே விலா ஓரமாக ஊசி இறக்கி, குழாய் வைத்தார். வந்தது ஒரு டம்ளருக்கு மேல். மல்லிகை ஸ்பிரே இரண்டு டின் அடித்தாலும் அடங்காத நாற்றம். சைரன் ஜன்னலுக்கு ஓடினான். சின்ன சர்ஜன் மட்டும் அசையாமல் நின்று ஆழமாக ஒருமுறை மூச்சிழுத்தார், தண்டனை போல.

சிரிஞ்சில் கொஞ்சம் எடுத்து, ஊசியைக் கழற்றி டப்பாவில் போட்டு, காற்றை வெளியே தள்ளி, முனைக்கு மூடி மாட்டி, சிஸ்டரே லேபுக்கு நடந்து கொடுத்துவிட்டு வந்தாள். ஒரு துளி எடுத்து அந்த லேப் ஆள் அப்போதே கண்ணாடிச் சில்லில் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். பதினோரு வருஷமாக அவர் ஜாடியில் வளராத கிருமிகள் சில்லு முழுக்கக் கிடந்தன. பிறகு எழுந்து போய், தங்க ஓரம் போட்ட பத்திரத்தைச் சுவர் பக்கம் திருப்பி மாட்டினார்.

மணி நாலு. மெக்கானிக் தூங்கிக்கொண்டிருந்தார். விக்கல் நின்றிருந்தது.

தையல்காரி வார்டு வாசலில் சிஸ்டரை வழிமறித்தாள். கண் சிவந்திருந்தது, இருந்தாலும் நேராகவே பார்த்தாள்.

"பிழைச்சுக்குவாரா?"

"சீழ் வெளியே வந்துடுச்சு. சரியான மருந்து ஏறுது. இனிமே தேறிடுவார்."

"திருடன் யாரு?"

சைரன் குறுக்கே புகுந்தான். "அது வந்து தங்கச்சி, இதுல திருடன்னு தனியா ஒரு ஆளைச் சொல்ல முடியாது. ஒரு பழைய காகிதம்..."

"நீ சும்மா இரு." சிஸ்டர் கையிலிருந்த மஞ்சள் உறையை நீட்டினாள். "காகிதம் தானா எழுதிக்கல. இதை எழுதினது நான். இதனாலதான் உன் வீட்டுக்காரர் ரிப்போர்ட்ல அந்தக் கிருமி வரல. அது வராததால மருந்தை நிறுத்தினாங்க. நீ தேடச் சொன்ன ஆள் நான்தான்."

தையல்காரி நோட்டீஸை வாங்கினாள். ஒரு தடவை படித்தாள். மறுபடியும் படித்தாள். கை உறையை இறுக்கியது. அடித்துவிடுவாள் என்றே சைரன் நினைத்தான். சிஸ்டரும் நினைத்தாள், நகரவில்லை.

"எத்தனை வருஷமா மாட்டியிருந்தது?"

"பன்னிரண்டு."

"எத்தனை பேரு?"

சிஸ்டர் வார்டுக் கட்டில்கள்மேல் கண்ணை ஓட்டினாள். "என்னை மன்னிச்..."

"வேணாம்." தையல்காரியின் குரல் சாட்டை போல வந்தது. "மன்னிப்பை என்கிட்ட கேட்டு மனசை ஆத்திக்காதீங்க. எனக்கு உங்க மேல வயிறு எரியுது. அது எரிஞ்சுக்கிட்டேதான் இருக்கும். ஏழாம் நம்பர் கட்டில்ல ஒரு அம்மா இருக்காங்க. குடல் ஓட்டை. நேத்து அவங்க பொண்ணு என்கிட்ட சந்தோஷமாக் காட்டினா, ரிப்போர்ட்ல பூஜ்யம்னு வந்திருக்குன்னு. பன்னெண்டு வருஷத்தை அப்புறம் எண்ணுங்க. முதல்ல ஏழாம் நம்பரைப் பாருங்க."

சிஸ்டர் வார்டுக்குள் திரும்பி நடந்தாள். சைரன் பின்னாலேயே வந்தான், ஒரு சத்தமும் இல்லாமல். ஏழாம் நம்பர் கட்டிலில் ஒரு வயதான அம்மா கண்மூடிக் கிடந்தார். பக்கத்தில் அவர் மகள் ஈரத் துணியால் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க யாருங்க?"

"உங்க அம்மாவோட ரிப்போர்ட்டைப் பொய்யாக்கினவ," என்றாள் சிஸ்டர். "ஃபைலை எடும்மா. சீக்கிரம்."